கேட்காமல் நுழையாதவர்

மௌத்தாகி மண்ணுக்குள் போனவர்களைக் குறை சொல்லக் கூடாது என்பது எங்கள் ஊர் வழக்கம். நானும் குறை சொல்லப் போவதில்லை. அவரைப் போல ஒரு நல்ல மனிதர் எங்கள் தெருவில் இருக்கவில்லை. இல்லை என்கிறவன் என் கடைப் பக்கம் வரவேண்டாம். ஆனால் அவரை நினைக்கிறபோதெல்லாம் எனக்கு ஆத்திரம் வருகிறது. கெட்டவன்மேல் ஆத்திரம் வந்தால் ஏசிவிட்டுப் போகலாம். நல்ல மனிதர்மேல் வந்ததை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது?

இலங்கையின் கிழக்குக் கரை மருதமுனையில் எங்கள் வீட்டு வளவுக்கு அடுத்த வளவு அவருடையது. கலியாணத்துக்கும் இறந்தவர்களுக்கு ஓதுகிற கத்தத்துக்கும் கூட்டங்களுக்கும் பிளாஸ்டிக் கதிரையும் கூடாரமும் வாடகைக்குக் கொடுப்பது அவர் தொழில். மூத்த சகோதரனை நாங்கள் காக்கா என்போம். அதனால் சின்னவர் பெரியவர் எல்லாருக்கும் அவர் கதிரைக் காக்கா. சொந்தப் பெயரை நானே அவர் மௌத்தான அன்று பள்ளியில் சொன்ன ஜனாஸா அறிவித்தலில்தான் முழுதாகக் கேட்டேன்.

ஒரு வீட்டுக்குப் போனால் வாசலில் நின்று ஸலாம் சொல்லி அனுமதி கேட்க வேண்டும். மூன்று தரம் சொல்லியும் பதில் வராவிட்டால் மனம் கோணாமல் திரும்பிவிட வேண்டும். இது மார்க்கம் சொல்லித் தந்த ஒழுங்கு, எங்களில் எல்லாருக்கும் தெரியும். தெரிந்துகொண்டே நாங்கள் முதல் ஸலாமை வாயில் வைத்தபடி குசினிவரைக்கும் போய்ச் சட்டியைத் திறந்து பார்க்கிற ஆட்கள். கதிரைக் காக்கா ஒருவர்தான் அதை அப்படியே பிடித்து நின்றவர். படலைக்கு வெளியே, வீட்டுக்குள் கண் போய்விடாதபடி தெருப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்பார். ஒரு ஸலாம். கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. பிறகு மூன்றாவது. சத்தமும் கூட்ட மாட்டார், யாரையோ நித்திரையில் எழுப்பிவிடப் போகிறவர் மாதிரி. பதில் இல்லையென்றால் செருப்பைத் தேய்த்துக்கொண்டு போய்விடுவார்.

ஒருநாள் வாப்பா மோட்டார் சைக்கிளைத் தெருவில் விட்டு, திறப்பையும் பூட்டிலிருந்து கழற்றாமல் வந்து படுத்துவிட்டார். அதைக் கண்ட காக்கா சொல்வதற்காகப் படலைக்கு வந்திருக்கிறார். உள்ளே உம்மா கிரைண்டரில் மா அரைத்துக்கொண்டிருந்தாள். அந்தச் சத்தத்தில் இடி விழுந்தாலும் கேட்காது. மூன்று ஸலாமும் காற்றில் போயிற்று. மனிதர் திரும்பிப் போய்த் தன் கடையிலிருந்து ஒரு கதிரையைத் தூக்கிக்கொண்டு வந்து, மோட்டார் சைக்கிளுக்குப் பக்கத்தில் போட்டு, வெயிலுக்குள் உட்கார்ந்துவிட்டார். வாப்பா பின்னேரம் அஸர் தொழுகைக்கு வெளியே வந்தபோது அவர் அங்கேயே இருந்தார். உள்ளே வந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று வாப்பா கேட்டதற்கு, மறுமொழி வரவில்லையே என்றார். இதைச் சொல்லிச் சொல்லி எங்கள் வீட்டில் பல காலம் சிரித்தோம்.

பெற்றோல் வரிசைக் காலத்தில் நடந்தது இதைவிட மோசம். கதிரை ஏற்றுகிற அவருடைய சின்ன லாண்ட்மாஸ்டர் வண்டிக்கு எரிபொருள் வேண்டி, எண்ணெய்க் கானோடு வெயிலில் நின்றார். நான் அவருக்குச் சற்றுப் பின்னால் நின்றேன். பாங்கு சொன்னதும் பின்னால் நின்றவரிடம் கேட்டுவிட்டுத் தொழப் போனார். திரும்பி வந்தபோது அந்த ஆள் மாறி வேறு ஒருவன் நின்றான். நான் இந்த இடத்தில் நிற்கலாமா என்று அவனிடம் கேட்டார். அவன் ஏலாது என்றான். காக்கா தலையாட்டிவிட்டு, கானைத் தூக்கிக்கொண்டு, பள்ளிச் சந்தியையும் தாண்டியிருந்த வரிசையின் கடைசிக்கு நடந்து போனார். நான் அந்தப் பொடியனோடு சண்டைக்குப் போனேன். சண்டை முடியும்போது காக்கா கண்ணுக்கே எட்டாத தூரத்தில் நின்றார்.

அவருடைய மனைவி வாய் நிறையச் சிரித்துக்கொண்டு சொல்லுவார், என்ட மனுசன் குடை விரிக்கவும் மழையிட்ட ஒருக்காக் கேப்பார் என்று. கலியாண வீட்டில் சாப்பாடெல்லாம் முடிந்து, விளக்குகளும் அணைந்து, ஒரேயொரு கிழவர் மட்டும் கதிரையில் கண்ணயர்ந்திருப்பார். அவர் தானாக எழும்பும்வரை கூலியாட்களையும் வைத்துக்கொண்டு காக்கா காத்திருப்பார். கதிரை அவருடையது, கேட்கவும் மாட்டார், எடுக்கவும் மாட்டார்.

என் ராத்தாவுக்கு நோய் வரும்வரைக்கும் இதெல்லாம் எங்களுக்குச் சிரிக்கிற கதைகளாகத்தான் இருந்தன.

ராத்தா என் மூத்த சகோதரி. மச்சான் மௌத்தான பிறகு யாரிடமும் போய் நிற்காமல், வீட்டு முன் அறையில் தையல் வகுப்பு நடத்திக்கொண்டு வாழ்ந்தவள். ஊரில் பாதிக் குமர்ப் பெண்களுக்குச் சட்டை வெட்டப் பழக்கியவள் அவள். ஒரு வருடம் மாடிப்படி ஏற மூச்சு வாங்கியது. அடுத்த வருடம் தையல் மெஷினை மிதிக்க மூச்சு வாங்கியது. இருதயத்தில் ஒரு வால்வு பழுது, மாற்ற வேண்டும் என்று கொழும்பில் சொன்னார்கள். அரசாங்க ஆஸ்பத்திரியில் அவளுக்கு முன்னால் நின்ற வரிசையைப் பார்த்த டொக்டரே, முடிந்தால் வெளியில் செய்யுங்கள், இது காத்திருக்கிற வருத்தமில்லை, நோய் பொறுக்காது என்று என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். வெளியில் என்றால் தனியார் ஆஸ்பத்திரி. என் போன் கடையையும் அதிலிருக்கிற நல்ல போன், உடைந்த போன் எல்லாவற்றையும் விற்றாலும் பாதிக்கும் காணாது.

எங்கள் பக்கத்தில் இதற்கு ஒரு வழி உண்டு. வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் பள்ளியில் மைக்கில் நோயாளியின் பெயரையும், இன்னாரின் மகள், இன்ன தெரு என்பதையும், வருத்தத்தையும் சொல்வார்கள். வாசலில் நாலு பேர் ஒரு புடவையை விரித்துப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். தொழுதுவிட்டு வருகிறவர்கள் அதில் போட்டுவிட்டுப் போவார்கள். ஊர் நல்ல ஊர், போடாமல் போகிறவர்கள் குறைவு. ராத்தா அதற்கு ஒரேயடியாக மறுத்தாள்.

"தம்பி, பள்ளியில என்ட பேரைச் செல்லிப் புடவை விரிக்கிறதெண்டா எனக்கு இந்த ஆப்பிரேசன் வேணாம். என்னட்டப் படிக்கிற புள்ளையளுக்கு முன்னால மறுகா நான் எப்புடி நிக்கிற?"

அவள் சொன்னது வீம்பு என்று சிலர் சொன்னார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவளிடம் இருந்ததே அந்த ஒரு நிமிர்வுதான், அதையும் வித்து வால்வு வாங்கு என்று எந்த வாயால் சொல்வது?

அப்போதுதான் கெரம் போர்டுப் போட்டி என்ற யோசனை வந்தது. எங்கள் விளையாட்டுக் கழகத்துப் பொடியன்மார் கொண்டுவந்த யோசனை. எங்கள் கரையில் மனிதர்களுக்குக் கெரம் என்றால் உயிர். சம்மாந்துறையிலிருந்தும் நிந்தவூரிலிருந்தும் அக்கரைப்பற்றிலிருந்தும் சோடி சோடியாக வருவார்கள். பாண்டிருப்பிலிருந்தும் தமிழ்ப் பொடியன்கள் வந்து எங்களைத் தோற்கடித்துவிட்டுப் போவார்கள். விளையாட வருகிறவர் நுழைவுக் காசு கட்டுவார். அந்தக் காசு ராத்தாவின் சிகிச்சைக்கு. அவள் பெயரை எங்கேயும் சொல்லத் தேவையில்லை, ஒரு நோயாளிக்காக என்றால் போதும். கொடுக்கிறவனுக்கும் ஒரு விளையாட்டு, வாங்குகிறவளுக்கும் தலைகுனிவில்லை. ராத்தா கேட்டுவிட்டு, பலநாளைக்குப் பிறகு சிரித்தாள். ஓம், அது நல்லம் என்றாள்.

கதிரையும் கூடாரமும் இனாம் என்று காக்கா உடனே சொல்லிவிட்டார். அதோடு நிற்கவில்லை. போட்டியின் பொறுப்பையே தலையில் போட்டுக்கொண்டார். நாங்களும் மகிழ்ந்துபோய்க் கொடுத்தோம். அங்கேதான் தொடங்கியது.

முதலில் மௌலவியிடம் போனார். நுழைவுக் காசு வாங்கிப் பரிசு கொடுத்தால் அது சூதாகுமா என்று கேட்டார். நானும் கூடப் போயிருந்தேன். மௌலவி இரண்டு கேள்வி கேட்டார். பரிசு எங்கிருந்து வருகிறது? கட்டிய காசிலிருந்து வென்றவனுக்கு எடுத்துக் கொடுத்தால் அது சூது, ஹராம். வெளியில் யாரும் பரிசைத் தானமாகத் தந்து, கட்டிய காசு முழுதும் நோயாளிக்குப் போனால் அதில் பிழையில்லை. பிறகு, தொழுகை நேரத்தில் போர்டை மூடுவீர்களா? மூடுவோம் என்றோம். துஆச் செய்து அனுப்பினார். எங்களுக்குக் கொண்டுவந்து வைத்த தேத்தண்ணி ஆறுவதற்குள் விஷயம் முடிந்தது. ஒரு கடைக்காரர் முதல் பரிசுக்குப் பிரிட்ஜ் தருவதாகவும் ஏற்றுக்கொண்டார்.

அத்தோடு நடத்தியிருக்கலாம். எல்லாரும் அப்படித்தான் நடத்துகிறார்கள். எங்கள் கரையில் நடந்த போட்டிகளில் எதற்கு எவன் போய் எந்த அரசாங்கக் கந்தோரில் அனுமதி எடுத்தான் என்று எனக்கு ஒருவராலும் காட்ட முடியாது. பிறர் நடத்திய அந்தப் போட்டிகள் எல்லாவற்றுக்கும் இவருடைய கதிரைதான் போகிறது, அவருக்கு இது தெரியாததல்ல. ஆனாலும் பொறுப்பு தன் தலையில் வந்ததும் மனிதருக்குப் பழைய குணம் எழும்பிவிட்டது.

"நாம என்ன ஒளிச்சா செய்யப்போறம் தம்பி? நோயாளிக்கெண்டு ஊரிட்டக் காசு வாங்கப்போறம். கவுன்மேந்திட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுச் செய்வம். கேக்காமப் போறது களவுக்குச் சமன்."

எந்தக் கந்தோர் என்று நான் எழுதப் போவதில்லை. கந்தோரெல்லாம் ஒரே மாதிரித்தான் இருக்கிறது. அங்கே இந்த விஷயங்களைப் பார்க்கிற உத்தியோகத்தர் கடுமையானவர் என்று நினைத்தால் பிழை. கடுமையானவராக இருந்திருந்தால் நான் இன்னும் சந்தோசப்பட்டிருப்பேன். மிகவும் மரியாதையான மனிதர். இருங்கள் என்பார், மின்விசிறியை எங்கள் பக்கம் திருப்பிவிடுவார். இல்லை என்ற சொல் அவர் வாயில் வந்ததேயில்லை. காக்கா கதவடியில் நின்று உள்ளே வரலாமா சேர் என்று கேட்டதும் அந்த மனிதருக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. உங்களைப் போல ஆட்கள் வந்தால் எங்களுக்கு வேலை லேசு என்றார். அது முழு உண்மை. எங்களைப் போன்ற ஆட்களால் அவருக்கு ஒரு வேலையும் இருக்கவில்லை.

நுழைவுக் கட்டணம் இருக்கிறது, பரிசும் இருக்கிறது, ஆகவே இது சூதாட்டச் சட்டத்துக்குள் வருமா வராதா என்று பார்க்க வேண்டும் என்றார். மௌலவி சொன்னதைக் காக்கா பணிவாக எடுத்துச் சொன்னார். அது மார்க்கம், இது சட்டம் என்றார் உத்தியோகத்தர். கெரம் திறமையால் வெல்கிற விளையாட்டா அதிர்ஷ்டத்தால் வெல்கிற விளையாட்டா என்பது எழுத்தில் தெளிவாக இல்லையாம். எனக்குப் பொறுக்கவில்லை. அதிர்ஷ்டத்தால் ஒரு சிவப்புக் காயைப் போட்ட மனிதனை நீங்கள் எங்கேயாவது கண்டிருக்கிறீர்களா என்று கேட்டேன்.

அவர் சிரித்தார். "எனக்குத் தெரியும் தம்பி. சட்டத்துக்குத் தெரியாதே."

அதோடு, நன்மைக்காகக் காசு சேர்ப்பதென்றால் பதிவு செய்த சங்கம் ஒன்று சேர்க்க வேண்டுமாம். தனி ஒரு பெண்ணின் வருத்தத்துக்குச் சேர்ப்பது சமூகசேவைக்குள் அடங்குமா என்பதும் மேலே கேட்க வேண்டிய விஷயமாம். பொலிசில் ஒரு கடிதமும் வேண்டும். பார்வையாளர்களிடம் காசு வாங்கினால் களியாட்ட வரி வேறு. என் ராத்தா மூச்சுக்கு ஏங்கிக்கொண்டு கட்டிலில் இருக்கிறாள், இங்கே களியாட்டம் என்கிறார்கள்.

பொலிசுக்குப் போனோம். கந்தோர் அனுமதி தந்தால் கடிதம் தரலாம் என்றார்கள். கந்தோர் உங்கள் கடிதத்தைக் கேட்கிறது என்றோம். அப்படியென்றால் கந்தோரில் கேளுங்கள் என்றார்கள். காக்கா அவர்களுக்கும் நன்றி சொல்லிவிட்டு வந்தார்.

இரண்டாம் தரம் கந்தோருக்குப் போனபோது கந்தோர் மதிலோடு ஒட்டியிருக்கிற லொத்தர்ச் சீட்டு விற்கிற பெட்டிக் கடையைப் பார்த்தேன். முன்னரும் பார்த்ததுதான், அன்றைக்குத்தான் கண்ணில் குத்தியது. அரசாங்க லொத்தர். ஒலிபெருக்கி வைத்து, நாளைக்கு நீதான் கோடீஸ்வரன் என்று போகிறவன் வருகிறவனையெல்லாம் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கூலி வேலைக்குப் போகிற மனிதர்கள் சோற்றுக் காசை நீட்டிக்கொண்டு நின்றார்கள். மேலே போனால், எங்களுடைய உத்தியோகத்தர் மேசையில் ஒரு சுரண்டல் சீட்டை வைத்து நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தார். வெள்ளித் தூள் விரலில் ஒட்டியிருந்தது. அந்த விரலால்தான் எங்கள் விண்ணப்பக் கோவையைப் புரட்டி, மேலிடத்திலிருந்து இன்னும் மறுமொழி வரவில்லை என்று காட்டினார். கெரம் அதிர்ஷ்டமா திறமையா என்று அவர்கள் இன்னும் யோசித்துக்கொண்டிருந்தார்கள். சீட்டில் ஒன்றும் விழவில்லைப் போலும், கசக்கிக் கூடையில் போட்டார். நான் அதைச் சொல்லி வாயைத் திறக்குமுன் காக்கா என் கையைப் பிடித்து அழுத்தி வெளியே கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

மூன்றாம் தரம் போனபோது ராத்தா படுத்து நித்திரை கொள்வதை விட்டிருந்தாள். படுத்தால் மூச்சு அடைக்கும், தலையணைகளை அடுக்கி இருந்தபடியே கண்ணை மூடுவாள். அன்றைக்கு உத்தியோகத்தர் கூட்டத்தில் இருந்தார். அவருடைய அறைக்கு வெளியே பொழுது சாயும்வரைக்கும் உட்கார்ந்திருந்தோம். வெளியே வந்தவர் எங்களைக் கண்டு, பார்ப்போம் பார்ப்போம் என்று தலையாட்டிக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டார்.

திரும்பி வருகிற வழியில் காக்கா மெதுவாகச் சொன்னார். "மூணு தரம் கேட்டாச்சு தம்பி. மறுமொழி இல்ல. திரும்பிப் போறதுதான் முறை."

கல்முனைச் சந்தியில், சனம் பார்க்கப் பார்க்க, நான் அவர்மேல் பாய்ந்தேன். அது வீட்டு வாசலுக்குச் சொன்ன ஒழுங்கு, உள்ளே பெண் பிள்ளைகள் இருப்பார்கள் என்று மனிதனுக்கு மனிதன் காட்டுகிற மரியாதை, கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு சுரண்டல் சீட்டுச் சுரண்டுகிறவனுக்குச் சொன்னதல்ல என்று கத்தினேன். அவர் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டு நின்றார். நான் முடித்ததும், பஸ் வருகிறது தம்பி என்றார்.

அனுமதி இல்லாமலே நடத்துவோம் என்று கழகத்துப் பொடியன்மார் முடிவு செய்தார்கள். அதற்கும் வழியில்லாமல் போயிற்று. எப்படியோ கேள்விப்பட்டு உத்தியோகத்தர் காக்காவுக்குப் போன் எடுத்தார், அதே மரியாதையோடு. விண்ணப்பம் கையில் இருக்கிறது, முடிவு வரும்வரை நடத்தினால் வழக்காகிவிடும், உங்களைப் போல ஒரு நல்ல மனிதரை அப்படி ஒரு சிக்கலில் மாட்ட எனக்கு விருப்பமில்லை என்றாராம். கேட்காதவனுக்கு வழக்கில்லை. கேட்டவனுக்குத்தான் வழக்கு. இந்த நாட்டுச் சட்டத்தை எனக்கு இதைவிடத் தெளிவாக ஒருவரும் விளங்கப்படுத்தியதில்லை.

அந்த வாரக் கடைசியில் பக்கத்து ஊரில் ஓர் அரசியல்வாதியின் ஆட்கள் பெரிய கெரம் போட்டி நடத்தினார்கள். கட்டிய காசிலேயே பணப் பரிசு, மௌலவி ஹராம் என்று சொன்ன அதே முறை. கதிரை கதிரைக் காக்காவுடையது. சாமான் ஏற்றப் போன காக்கா திரும்பி வந்து என் கடையில் உட்கார்ந்தார். மேடையில் முதல் வரிசையில் மாலை போட்டுக்கொண்டு யார் இருந்தது தெரியுமா என்று கேட்டார். எனக்குச் சொல்லாமலே விளங்கியது. நம்முடைய உத்தியோகத்தர், காக்காவின் கதிரையில்.

"அவங்க கேக்கல்ல தம்பி. கேட்டாத்தானே அவருக்கும் யோசிக்க வரும்" என்றார். குரலில் குற்றம் சொல்கிற தொனியே இல்லை. அப்படியென்றால் நாம் ஏன் கேட்டோம் என்று நான் கேட்டேன். அவர் எழும்பி, வரட்டா என்று கேட்டுக்கொண்டு போனார்.

அடுத்து வந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆவில் நான் நடுச் சப்பு வரிசையில் இருந்தேன். தொழுகை முடிந்து ஸலாம் கொடுத்ததும் மைக் திறந்தது. ராத்தாவின் பெயர் வந்தது. வாப்பாவின் பெயர், தெருவின் பெயர், இருதய வால்வு, உதவிக்கு எவருமில்லாத விதவைச் சகோதரி. எங்கள் பள்ளி ஒலிபெருக்கி எங்கள் வளவுக்கு நன்றாகக் கேட்கும். ராத்தா தலையணைகளில் சாய்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருப்பாள் என்று எனக்குத் தெரியும். அவளுக்குப் பக்கத்தில் அவளிடம் தையல் பழகுகிற குமருகள் இரண்டு பேர் இருந்தார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. உதவிக்கு எவருமில்லாதவளாம். நான் யார் பிறகு?

வாசலுக்கு ஓடினேன். புடவையின் ஒரு மூலையைக் கதிரைக் காக்கா பிடித்துக்கொண்டு நின்றார். கண் நிலத்தில் இருந்தது. சனம் சாரிசாரியாக வந்து போட்டது. சிலர் என் தோளில் தட்டிவிட்டுப் போட்டார்கள். ஊர்காவல் செய்கிற பொலிஸ்காரர்கூட வந்து போட்டுவிட்டுப் போனார். யாரும் எந்தக் கடிதமும் கேட்கவில்லை. பதிவு செய்த சங்கமா என்று கேட்கவில்லை. மனிதன் நிமிர்ந்து நின்று விளையாடிக் காசு சேர்க்க அரசாங்கத்துக்கு ஆயிரம் யோசனை. பிச்சை கேட்க ஓர் அனுமதியும் வேண்டாம்.

காசு சேர்ந்தது. கொழும்பில் வால்வு மாற்றினார்கள். அல்ஹம்துலில்லாஹ், ராத்தா பிழைத்தாள், இன்றைக்கும் இருக்கிறாள். வகுப்பும் நடக்கிறது. ஆனால் பிள்ளைகளின் உம்மாமார் கட்டணத்தோடு ஒரு காசுத் தாளை மடித்துச் சேர்த்து வைத்து அனுப்பத் தொடங்கினார்கள். அவள் ஒவ்வொருவருக்கும் அதைத் திருப்பி அனுப்பினாள். பெருநாளுக்கு எங்கிருந்தோ அரிசிப் பொதி வந்தது. அவள் தைத்துக் கொடுத்த சட்டையில் கை பிழையாக வந்தால் முன்னர் சண்டைக்கு வருகிற பெண்கள், இப்போது பரவாயில்லை தங்கச்சி, வருத்தக்காரி நீங்கள் என்று வாங்கிக்கொண்டு போனார்கள். அதுதான் அவளுக்கு மற்ற எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது. ஒரு பிழைக்கு ஏச்சுக் கேட்கிற உரிமையும் போய்விட்டதே தம்பி என்று என்னிடம் சொன்னாள்.

ஆப்பிரேசன் முடிந்து உடம்பு தேறியதும் கதிரைக் காக்கா மனைவியோடு பார்க்க வந்தார். ராத்தா நல்ல முகத்தோடு வரவேற்று உட்காரச் சொன்னாள். ஊர்க் கதையெல்லாம் கதைத்தார்கள். கொஞ்சம் பொறுத்து அவள் காக்கா, ஒண்டு கேக்கட்டா என்றாள். கேளு புள்ள என்றார்.

"மௌலவிட்டக் கேட்டீங்க. கந்தோருக்கு மூணு தரம் போய்க் கேட்டீங்க. பொலிசிட்டக் கேட்டீங்க. என்ட பேரை மைக்கில செல்றதுக்குப் பள்ளி நம்பிக்கையாளர்மாரிட்டயும் கேட்டிருப்பீங்க. என்னட்ட மட்டும் ஏன் காக்கா கேக்கல்ல?"

அவர் மனைவி திடுக்கிட்டு அவரைப் பார்த்தார். காக்கா தெருப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"கேட்டா நீ வேணாம் எண்டிருப்பாய்."

"ஓம். எண்டிருப்பன்."

"அதான் கேக்கல்ல."

அப்படியென்றால் இந்த மனிதருக்குத் தெரிந்திருக்கிறது. ஓர் உயிர் போகிற நேரத்தில், வேண்டாம் என்று சொல்லிவிடுவார்களோ என்று பயந்து, கேட்காமலே செய்துவிட அவருக்கு நன்றாகவே தெரிந்திருக்கிறது. வாழ்நாளில் ஒரேயொரு தரம் கேட்காமல் நுழைந்தார், அதற்கு அவர் தேர்ந்தெடுத்த வாசல் மூச்சுக்கு ஏங்கிக் கிடந்த ஒரு பெண்ணுடையது. அதே துணிச்சலைக் கந்தோரிடம் காட்டியிருந்தால் என் ராத்தா பெயர் அந்த மைக்கில் ஏறியிருக்காது. இதையெல்லாம் நான் அவர் முகத்துக்கு நேரே சொன்னேன். ராத்தா என்னைத் தடுக்கவில்லை.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். கண் கலங்கியிருந்தது. நான் கேட்டது அவருக்கு விளங்கவேயில்லை என்பது அந்தப் பார்வையிலேயே தெரிந்தது.

"என்ன தம்பி நீ கதைக்கிற? கந்தோர் ஆரோ எவரோ. இவ நம்மட புள்ளதானே. இவட்ட என்னத்துக்கு அனுமதி?"

ராத்தா எழும்பி, மூச்சு வாங்காமல் நடந்து, அவருக்குத் தேத்தண்ணி போடக் குசினிக்குப் போனாள்.